தரவையில் மேயும் பறவைகளைக் கிளப்ப வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மாரி மழை ஓய்ந்து கடல்நீரேரி வற்றத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்து மண்டைதீவு, அராலி, வேலணைப் பக்கங்களுக்குப் பறவை பார்க்க வருவோர் இப்போது கூடிவருகின்றனர். இது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், பூநாரைக் கூட்டம் ஒன்றாக மேலெழும் படம் வேண்டும் என்பதற்காகக் கைதட்டியும், மோட்டார் சைக்கிளை நீரேரியோர வெளியான தரவைக்குள் இறக்கியும், ட்ரோனைத் தாழப் பறக்கவிட்டும் அவற்றைக் கிளப்பிவிடுகிறவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். "பறக்கிறதுதானே அதுகளின்ர வேலை, கொஞ்ச நேரத்தில திரும்பி வந்து இருக்கும்" என்று அவர்களுள் ஒருவர் சொல்லக் கேட்டதே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

பூநாரை பெரிய பறவை. அதற்கு நேரும் இடையூறு எவர் கண்ணிலும் படும். அதே சேற்றில், அதன் கால்களுக்கிடையே ஓடித் திரியும் சிறு கரைப்பறவைகளான உள்ளான்களை ஏறெடுத்துப் பார்ப்பவர் குறைவு. சுமார் 60 கிராம் எடையுள்ள வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. அதைவிடச் சிறிய கொசு உள்ளானின் கூடும் ஆர்க்டிக் பிரதேசத்தில்தான் இருக்கிறது. மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் கருவி பொருத்திய கடற்காகம் ஒன்று, 2021 இல், ரஷ்யாவின் வடக்கேயுள்ள யமால் குடாநாடு வரை சென்றதை நம் வாசகர்களுள் சிலர் அறிந்திருக்கக்கூடும்.

இத்தகைய பயணத்துக்கான எரிபொருள் கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்பிலிருந்து ஏறத்தாழ 9 கிலோகலோரி கிடைக்கிறது; மாப்பொருளில் அது 4 மட்டுமே. ஆகவே புறப்படுவதற்கு முந்திய வாரங்களில் இப்பறவைகள் இரவு பகல் பாராமல் கடற்புழுக்களையும் சிறு நத்தைகளையும் கூனியையும் தின்று தோலடியில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. நெடுந்தூரம் பறக்கும் கரைப்பறவைகளில் இன்னொரு வியப்பும் உண்டு. புறப்படும் நேரம் நெருங்க இரைப்பையும் குடலும் சுருங்கி, பறக்கும்போது சும்மா சுமக்க வேண்டிய பாரம் குறைந்துவிடுகிறது. வழியில் ஓரிடத்தில் இறங்கியதும் அவ்வுறுப்புகள் முதலில் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்; அதுவரை எவ்வளவு இரை கிடைத்தாலும் எடை விரைவாக ஏறாது. தங்குமிடத்தில் பறவை கழிக்கும் முதல் ஓரிரு நாள்கள் சும்மா நிற்பதாகத் தோன்றினாலும், அது உடலைத் திருத்திக்கொள்ளும் காலமாகும்.

பறப்பதற்கே பிறந்த பறவை பத்து நிமிடம் கூடுதலாகப் பறந்தால் என்ன என்று கேட்கலாம். 2022 ஒக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து அவுஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவுக்கு, எங்கும் இறங்காமல், 11 நாள்களில் சுமார் 13,560 கிலோமீற்றர் பறந்தது. அதே இனத்துப் பறவைகளை நமது வடகரையிலும் காணலாம். அப்பயணத்தைச் சாத்தியமாக்கியது புறப்படுமுன் அலாஸ்காவின் சேற்றுக்கரைகளில் அது இடையூறின்றித் தின்ற இரை. அதன் இனத்தார் வடக்கே திரும்பும்போது சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடலின் கரைகளில் இறங்கி வாரக்கணக்கில் மேய்ந்துதான் எஞ்சிய தூரத்தைக் கடக்கின்றனர். நாம் கிளப்பிவிடும் உள்ளானுக்கோ இரட்டை நட்டம்: சேர்த்த கொழுப்பில் ஒரு பகுதி எரிந்துபோகிறது, மேய வேண்டிய நேரமும் கழிந்துவிடுகிறது. காலையிலிருந்து மாலைவரை ஐந்தாறு கூட்டத்தார் மாறி மாறி வந்து கிளப்பினால் அந்த நட்டத்தை ஈடுசெய்ய அதற்கு வேளை ஏது?

எல்லா மாதங்களும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. மாசிப் பிற்பகுதியிலிருந்து சித்திரை முடியும் வரையான காலமே மிகக் கடுமையானது. அப்போது வளைமூக்கு உள்ளானைச் சற்றுத் தொலைவில் நின்று தொலைநோக்கியால் பாருங்கள்: மாரியில் வெளிறியிருந்த நெஞ்சில் செங்கல் நிற இறகுகள் திட்டுத் திட்டாக முளைத்திருக்கும். புதிய இறகு, பயணக் கொழுப்பு ஆகிய இரண்டையும் அது ஒரே சேற்றிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கிறது. நமது விடுமுறைகளும் சுற்றுலாக்களும் பெரும்பாலும் அதே காலத்தில் வருவது துரதிர்ஷ்டம்.

சிறகுவலை பார்க்க நீரில் இறங்கும் கடற்றொழிலாளர்களைச் சிலர் குறைசொல்வதுண்டு. அது நியாயமன்று. அவர்கள் நாள்தோறும் ஒரே தடத்தில் ஆறுதலாக நடப்பதால் பறவைகள் சில அடி விலகி மீண்டும் மேய்வதை எவரும் காணலாம்.

கலைப்பதைவிடப் பெரிய கேடு, தரவையை வெறும் நிலம் என்று கருதிக் கட்டட இடிபாடுகளையும் குப்பையையும் கொட்டி மேடாக்குவது. "இங்கே இடமில்லாவிட்டால் அங்கே போகும்" என்ற வாதம் தென்கொரியாவிலும் சொல்லப்பட்டது. 2006 இல் அங்கே சேமாங்கும் (Saemangeum) என்னும் கழிமுகத்தை 33 கிலோமீற்றர் நீள அணையால் அடைத்தபோது, பறவைகள் அயலிலுள்ள சேற்றுநிலங்களுக்குப் போய்விடும் என்றார்கள். அங்கே பெருந்தொகையாகத் தங்கிவந்த உள்ளான் இனம் ஒன்றின் எண்ணிக்கை அயலில் அதற்கேற்பக் கூடவில்லை. அது குளிர்காலத்தைக் கழிக்கும் அவுஸ்திரேலியாவில் குறைந்தது. வளைமூக்கு உள்ளானும் 2024 இல் அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் உலகளாவிய செம்பட்டியலில் அழியக்கூடிய நிலையிலுள்ள (Vulnerable) இனமாகச் சேர்க்கப்பட்டுவிட்டது.

எனவே, உரிய பிரதேச சபைகளும் வனஜீவராசிகள் திணைக்களமும் மாசி முதல் சித்திரை வரை தீவகப் பாதைகளின் ஓரத்தில் வாகனம் நிறுத்தத்தக்க இடங்களைக் குறித்து, அவற்றுக்கு அப்பால் தரவைக்குள் வாகனங்கள் இறங்காதவாறு கற்கள் நாட்ட வேண்டும். பறவைக் கூட்டங்களுக்கு மேலே ட்ரோன் பறக்கவிடுவதைத் தடுக்க வேண்டும். பாடசாலைச் சுற்றுலாக்களை அழைத்துவரும் ஆசிரியர்கள் மாணவரைத் தார் வீதியிலேயே நிறுத்தி, ஒரு தொலைநோக்கியை முறைவைத்துக் கொடுத்தால் போதும். இடிபாடு கொட்டும் உழவு இயந்திரங்கள் பெரும்பாலும் விடியுமுன் வருகின்றன என்பதையும் சபைகளின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வேலணை.