பத்தனாவுக்குத் தீ வைக்காமலே மாட்டுக்குப் புல் கிடைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆடி, ஆவணி வந்தால் இலங்கை மலையகத்தின் ஹப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்து மலைகளில் அடிக்கடி புகை எழுகிறது. தென்மேல் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, ஊவா மாகாணத்துக்குள் வறண்டு இறங்கும் காலம் அது. பத்தனா எனப்படும் மலைப் புல்வெளிகளில் வைக்கப்படும் தீயில் ஒரு பங்கு, மாட்டுக்கு இளம்புல் வேண்டும் என்று வைப்பது. எரித்த இடம் பச்சை பிடிக்கும் என்பது உண்மைதான். எந்தப் புல் பச்சை பிடிக்கிறது என்பதைத்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

உயர்ந்து வளரும் வாசனைப் புல்லான மானாவின் குருத்து தூரின் அடியில், பழைய தாள்களின் மறைவில் இருப்பதால் பிழைத்துக்கொள்கிறது. இலுக்குப்புல் மண்ணுக்கடியில் ஓடும் தண்டிலிருந்து திரும்ப முளைக்கிறது. மாடு விரும்பித் தின்னும் குட்டைப்புல்லும் பயற்றினக் கொடிகளும்தான் விதையோடு கருகுகின்றன. வருடா வருடம் எரித்தால் மலை முழுக்க மானாதான் நிற்கும். அதையும் தளிராக இருக்கும் சில வாரங்களே மாடு கடிக்கும். முற்றிவிட்டால் வாசனையும் சொரசொரப்பும் சேர்ந்து வாய் வைக்காது. பிறகு ஐப்பசி இடிமழை மூடாக்கில்லாத சரிவின் மேல்மண்ணைக் கழுவி ஓடைக்குக் கொண்டுபோகிறது. அந்த ஓடையில்தான் நாம் தண்ணீர் பிடிக்கும் பீலிகளும் இருக்கின்றன.

விரல் உயரத் துளிரிலேயே மாட்டை அவிழ்த்துவிடுவது அடுத்த கேடு. முதல் இலைகள் தூரிலும் வேரிலும் சேர்ந்திருந்த சத்தில்தான் வருகின்றன. அது திரும்பச் சேருமுன் கடித்தால் வேர் சுருங்கி, தூர் கழன்று வரும். மேய்ச்சல் நிலத்தை நாலைந்து பங்காகப் பிரியுங்கள். புல் ஒரு சாண் வளர்ந்ததும் மாட்டை விட்டு, நான்கு விரற்கடையில் நிற்கும்போதே மாற்றுங்கள். மழைக்காலத்தில் நான்கைந்து வாரம் ஓய்வு போதும். வெயிற்காலத்தில் நாட்கணக்கை விட்டுப் புல்லின் உயரத்தையே பார்க்க வேண்டும்.

கோடைக்கு வெட்டுப்புல் இல்லாமல் முடியாது. நானூறு கிலோ கறவைக்கு நாளொன்றுக்கு நாற்பது கிலோ பச்சைப்புல் தேவை. சிஓ-3 என்ற கலப்பின நேப்பியர் புல்லை இரண்டு கணுக் கரணையாக (தண்டுத் துண்டாக), ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி, சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில் ஓடும் சமமட்டக் கோட்டில் நடவேண்டும். சரிவில் மேலிருந்து கீழாக நட்டால் வரிசைகளே மழைநீருக்குக் கான் (வடிகால்) வெட்டித் தந்துவிடும். முதல் வெட்டு 75 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. அடியில் அரைச்சாண் விடவேண்டும். வெட்டியதும் சாண எரு போடாவிட்டால் மூன்றாம் வெட்டிலேயே மஞ்சளாகும். நுவரெலியா, அம்பேவலை போன்ற குளிர்ந்த உயரங்களில் இது மந்தமாகவே வளரும். அங்கே கிகுயு புல்லை நம்பலாம்.

இதற்கெல்லாம் நிலம் வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பின்னால் மாடு கட்டுபவருக்கு அது ஏது? தேயிலை மீள்நடவுக்கு முன் மண்ணைத் தேற்ற நடும் குவாத்தமாலா புல்லை அவர்கள் அறுத்துவந்தால் திருட்டு என்கிறது தோட்ட நிர்வாகம். அந்தப் புல்லை வெட்டி அங்கேயே பரப்பினால்தான் மண் தேறும், ஆகவே அதை எடுப்பது சரியில்லைதான். ஆனால் விளைச்சலற்றுப் பற்றை மண்டிக் கிடக்கும் தேயிலை மலைகள் பல தோட்டங்களில் உண்டு. கறவை ஒன்றுக்கு அரை ஏக்கர் வீதம், தீ வைப்பதில்லை, சமமட்டத்தில்தான் நடுவோம் என்ற எழுத்து ஒப்பந்தத்தோடு அந்நிலத்தைப் புல்லுக்கு ஒதுக்கலாம். பெருந்தோட்ட நிர்வாகங்களும் மாகாணக் கால்நடைத் திணைக்களமும் வைகாசிக்குள் இதைப் பேசி முடித்தால், அடுத்த ஐப்பசி மழையிலேயே கரணை நடலாம்.

இப்படிக்கு,
மாடு வளர்ப்போர் சிலர்,
பண்டாரவளை