ரேஸ் கோர்ஸ் பூங்காவில் பேவர் பிளாக் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிண்டி ரேஸ் கோர்ஸின் 160 ஏக்கரை 2024-ல் எடுத்துக்கொண்ட அரசு, அதில் 118 ஏக்கரில் பூங்கா வரும் என்று அறிவித்தது. அங்கே குளங்கள் வெட்டியது நல்ல வேலை. வேளச்சேரிக்கு வரும் வெள்ளம் கொஞ்சமாவது குறையும். எங்கள் தெருவில் பேவர் பிளாக் பதித்தபோது வேப்ப மரத்தடியில் ஒரு சாண் மண்கூட விடவில்லை. இப்போது ஒரு மழைக்கே கேட் வரை தண்ணீர். பூங்காவிலும் அதைச் செய்துவிடாதீர்கள். செயற்கை அருவி, செல்ஃபி மேடை எல்லாம் அப்புறம். பெரிய புல்தரை ஒன்றை வெறுமனே விடுங்கள்: கோடையில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடட்டும், மார்கழியில் கச்சேரி நடக்கட்டும், ஐப்பசியில் தண்ணீர் நிற்கட்டும். கழிப்பறை கட்டாயம் வேண்டும். நுழைவுக் கட்டணம் வேண்டாம்.

- வாசகி, வேளச்சேரி