மின் கணக்கு குறித்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அந்த வீட்டுக்குக் குடிபோன அன்று மின் இணைப்பை என் கைபேசி எண்ணில் பதிந்தோம். அதை நீயும் மாற்றவில்லை, நானும் நினைவூட்டவில்லை. அதனால் உன் ஸ்மார்ட் மீட்டரின் கணக்கு இன்றும் எனக்குத்தான் வருகிறது. எந்த மணியில் எவ்வளவு செலவானது என்ற வரைபடமும் அதில் இருக்கிறது. தினமும் காலையில் அதைப் பார்க்கிறேன். உன்னிடம் சொல்லாமல் பார்ப்பது தவறு என்று அம்மா சொல்கிறாள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. அவளுடைய கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன்.

இரண்டு மாதங்களாக, பெரும்பாலான நாள்களில், இரவு 3 மணிக்கு ஒரு பட்டை எழும்பி இறங்குகிறது. கிட்டத்தட்ட 0.6 யூனிட். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். உன் கீசரில் உள்ள 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் 2,205 கிலோஜூல் ஆகிறது. ஒரு யூனிட் என்பது 3,600 கிலோஜூல் என்பதால் அது 0.6 யூனிட்டுக்குச் சரியாக வருகிறது. எனவே அந்நேரத்தில் ஓடுவது கீசர்தான் என்று முடிவு செய்தேன். சுவிட்சை அணைக்க மறந்திருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன். அணைக்காத கீசர் நீர் ஆற ஆறத் தானே மீண்டும் மீண்டும் சூடாக்கிக்கொண்டிருக்கும். 2 கிலோவாட் கீசருக்கு இருபது நிமிடம் போதும். குளிப்பதற்குச் சற்று முன் போட்டு, உள்ளே போகும்போது அணைத்துவிடு. இரவில் தூக்கம் வராதவர்களுக்கு வெந்நீர்க் குளியல் இதமாக இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

முன்பெல்லாம் காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை அந்த வரைபடம் தரையோடு படுத்திருக்கும். இப்போது அப்படி இல்லை. பகலில் வீட்டில் இருப்பவர்கள் காலை வெளிச்சத்துக்குத் திரைச்சீலையை விலக்கிவிட்டு, பிற்பகல் வெயில் விழும் சன்னலை மட்டும் மூடிவைத்தால், விளக்கும் வேண்டியிராது, அறையும் அவ்வளவு சூடேறாது. மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, நம் உடம்பைத்தான் குளிர்விக்கிறது. ஆகவே ஆளில்லாத அறையில் அது ஓடுவதால் பயன் எதுவும் இல்லை. ஏசியை 26 டிகிரியில் வைத்து விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால் உடம்புக்குப் போதும். அதன் வடிகட்டியைக் கழற்றிக் கழுவ உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த வீட்டில் எதையும் பிரித்துப் பார்க்கும் துணிவு உனக்கு மட்டுமே இருந்தது. அதை நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், உன்னிடம்தான் சொன்னதில்லை. அப்படிப்பட்டவள் ஐந்து வாரமாகப் போன் செய்யாமல், "நலம்" என்று ஒரு சொல்லை மட்டும் அனுப்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உன் பிரிட்ஜின் கதவு ரப்பரையும் சோதித்துவிடு. ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார். இறுக்கமாக இருந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பக்கம் குளிர் வெளியேறுகிறது. நான்கு பக்கமும் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. உனக்குப் பத்து வயது. பழைய மீட்டரின் முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, உள்ளே சுற்றும் அலுமினிய வட்டை எண்ணிக்கொண்டிருந்தாய். எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் அரை மணி நேரமாக வட்டு நிற்கவே இல்லை என்றும், பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினால் உடனே நின்றுவிடுகிறது என்றும் என்னிடம் வந்து சொன்னாய். விளையாடாதே, போய்ப் படி என்றேன். பிறகு நீ படித்த ஆண்டுகளில் இரவு பத்து மணி ஆனதும் உன் அறை விளக்கை அணைத்தேன், சில நாள் மெயினையே அணைத்தேன். மின்சாரம் வீணாகிறது என்று காரணம் சொன்னேன்.

நீ வீட்டை விட்டுப் போன பிறகுதான் மெக்கானிக் வந்து அந்தப் பழைய பிரிட்ஜின் கதவு ரப்பரை மாற்றினார். அதுவரை ஓயாமல் ஓடிய 150 வாட் கம்ப்ரசர் அதன் பிறகு பாதி நேரம் ஓய்ந்திருந்தது. நாளொன்றுக்கு 1.8 யூனிட் மிச்சம். உன் ட்யூப்லைட் சோக்கோடு சேர்த்து 50 வாட்; நீ கேட்ட நான்கு மணி நேரத்துக்கு 0.2 யூனிட். பிரிட்ஜ் ஒரே நாளில் வீணடித்தது உன்னுடைய ஒன்பது இரவுப் படிப்புக்குச் சமம். அதை நீ கண்டுபிடித்துச் சொல்லியும் நான் கேட்கவில்லை; கேட்காதது மட்டுமின்றி, உன்னை இருட்டில் உட்கார வைத்தேன். நீ எதையும் என்னிடம் சொல்வதில்லை என்று இத்தனை ஆண்டுகளாகக் குறைபட்டுக்கொண்டிருக்கிறேன். சொன்னபோது நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதை இந்த வாரம்தான் நினைத்துப் பார்த்தேன்.

ஆகவே விளக்கைப் பற்றி நான் முன்பு சொன்னவற்றை விட்டுவிடு. இப்போதைய 9 வாட் எல்ஈடி பல்பு நூறு மணி நேரத்துக்கு மேல் எரிந்தால்தான் ஒரு யூனிட் ஆகும். இரவில் விழித்திருந்தால் விளக்கைப் போட்டுக்கொள், இருட்டில் உட்கார வேண்டாம். கீசரை மட்டும் அணைத்துவிடு. கதவு ரப்பரையும் மறக்காமல் பார்.

காகிதம் எந்தப் பக்கம் வழுக்கியது என்று போனில் சொல். இரவு 3 மணியானாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
அப்பா