அந்தப் புள்ளிக்கு நிபந்தனையும் போடலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

புரோகிராமில் பிழை தேடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை என் மாணவர்களோடு சேர்ந்து படித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் எழுத யாராவது வரமாட்டார்களா என்று பல வருடம் ஏங்கியிருக்கிறேன், அதனால் முதலில் நன்றி. ஆனால் பிரேக்பாயிண்ட் பற்றிய பகுதி, வரி எண்ணுக்குப் பக்கத்தில் கிளிக் செய்தால் ஒரு புள்ளி வரும், புரோகிராம் அங்கே நிற்கும் என்பதோடு முடிந்துவிட்டது. அந்தப் புள்ளிக்கு ஒரு நிபந்தனையும் போடலாம் என்பது அதில் இல்லை. பிழை தேட உதவும் டீபக்கர் கையில் இருந்தும் என் மாணவர்கள், மதிப்புகளைத் திரையில் காட்டவைக்கும் பிரிண்ட் வரிகளுக்கே திரும்பிப் போவது பெரும்பாலும் இது தெரியாததால்தான்.

எனக்கும் தெரியாத காலம் இருந்தது. வகுப்பு எடுக்க வருமுன் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். ஒரு மாதக் கடைசியில் ஒரு கடையின் விற்பனைத் தொகை 340 ரூபாய் குறைவாக வந்தது. பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பில்கள். எக்லிப்ஸ் என்ற புரோகிராம் எழுதும் மென்பொருளில், கூட்டல் திரும்பத் திரும்ப நடக்கும் லூப்புக்குள் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்தேன். ஒவ்வொரு பில்லுக்கும் நின்றது. தொகையைப் பார்ப்பேன், மேலே ஓடவிட எஃப்8 அழுத்துவேன், மறுபடி பார்ப்பேன். எண்ணூறைத் தாண்டியதும் கண் பார்க்கும் முன்பே விரல் அழுத்திவிட்டது. ஏதோ ஒரு பில்லில் மைனஸ் குறி தெரிந்த மாதிரி இருந்தது. அதற்குள் கடந்து போய்விட்டது. முதலிலிருந்து தொடங்கினேன். ஒரு மதியம் முழுக்க இப்படியே போனது.

மாலையில் பக்கத்து இருக்கைக்காரர் வந்து, புள்ளியின் மேல் வலது கிளிக் செய்து, நிபந்தனைப் பெட்டியில் தொகை பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் என்று ஒரு வரி எழுதினார். ஓடவிட்டோம். ஒரே ஒரு முறை நின்றது. வாங்கிய பொருள் எல்லாவற்றையும் வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்துவிட்ட பில் அது. தொகை பூஜ்யமாக வேண்டியது, தள்ளுபடி இன்னொரு தடவை கழிந்து மைனஸ் 340 ஆகியிருந்தது. அப்புறம் அதே பில் எண்ணை நிபந்தனையாக்கி, தள்ளுபடி கணக்கிடும் ஃபங்ஷனில் இன்னொரு புள்ளி வைத்தோம். இரண்டு தடவை நின்றது. இரண்டாவது தடவை, எந்தப் பகுதி எதை அழைத்தது என்று காட்டும் கால் ஸ்டேக்கைப் பார்த்தால், அழைத்தது ரிட்டர்ன் பகுதி. பிரிண்ட் போட்டிருந்தாலும் அந்த பில் அகப்பட்டிருக்கும்தான். ஆனால் அடுத்த கேள்விக்கு இன்னொரு பிரிண்ட், இன்னொரு கம்பைல் என்று இரவாகியிருக்கும்.

பிரேக்பாயிண்ட் என்ற சொல், ஆரம்பகால மின்னணுக் கணினியான எனியாக் காலத்தது. அந்த இயந்திரத்தில் வேலையின் போக்கைக் கேபிள்கள்தான் தீர்மானித்தன. ஓரிடத்தில் நிறுத்த வேண்டுமானால் அங்குள்ள கேபிளைக் கழற்றிவிடுவார்கள். அதன் புரோகிராமர்களில் ஒருவரான பெட்டி ஹோல்பர்டன் என்ற பெண் கொண்டுவந்த வழி அது. கழற்றிய கேபிளிடம் இந்தக் கணக்கு வரும்போது மட்டும் நிறுத்து என்று சொல்ல முடியாது. இன்றைக்கு வெறும் புள்ளியை வைத்துவிட்டு எஃப்8 தட்டிக்கொண்டிருப்பவரும் அந்தக் கேபிளைத்தான் கழற்றுகிறார்.

வகுப்பில் இதற்கு நான் அதிக நேரம் கொடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிபந்தனை எழுத உட்காரும் மாணவர், எங்கேயோ தப்பு சார் என்று சொல்லிவிட்டு நகர முடியாது. எது நடக்கக்கூடாது என்று யோசித்து அதை எழுத வேண்டும். சிலர் எழுதி முடிக்கும் முன்பே பிழையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

எந்தச் சுற்றில் தப்பு நடக்கிறது என்றே தெரியாவிட்டால்? ஜிடிபி என்ற டீபக்கரில் ஒரு அழகான வழி இருக்கிறது. பிரேக்பாயிண்ட் வைத்து, பத்து லட்சம் முறை கண்டுகொள்ளாதே என்று சொல்லி ஓடவிடுங்கள். புரோகிராம் பிழையால் பாதியில் விழுந்ததும் பிரேக்பாயிண்ட் பட்டியலைக் கேட்டால், அந்த வரியை எத்தனை தடவை தொட்டது என்று காட்டும். 4212 என்றால், அடுத்த முறை 4211 தடவை விட்டுவிடச் சொன்னால் சரி, விழுவதற்கு முந்தைய நொடியில் நிற்கும். ஒவ்வொரு ஓட்டமும் ஒரே மாதிரி நடக்கும் புரோகிராமுக்குத்தான் இது உதவும்.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நிபந்தனை பொய்யானாலும் புரோகிராம் அந்த வரியில் ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் நின்று, டீபக்கர் கணக்குப் பார்த்த பிறகே நகர்கிறது. லட்சக்கணக்கில் சுற்றும் லூப் இதனால் ஊர்ந்து போகும். அப்போது கோடுக்குள்ளேயே தற்காலிகமாக ஒரு இஃப் எழுதி அதற்குள் சாதாரணப் புள்ளி வைப்பதுதான் நல்லது. சி மொழியில் == போட வேண்டிய இடத்தில் = போட்டால், சோதிப்பதற்குப் பதில் வேரியபிளின் மதிப்பையே மாற்றிவிடும், பிறகு இல்லாத பிழையைத் தேடுவோம். ஜாவாவில் வேறு சிக்கல்: பெயர், ஊர் போன்ற சொற்களை == வைத்து ஒப்பிட்டால் பெரும்பாலும் நிற்கவே நிற்காது, == இருக்கும் இடத்தில் ஈக்வல்ஸ் (equals) என்று எழுத வேண்டும். என் வகுப்பில் மாதம் ஒருவராவது இதில் மாட்டிக்கொண்டு, டீபக்கரே வேலை செய்யவில்லை என்று வருகிறார்.

அடுத்த இதழில் கட்டுரை தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இதற்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். விஎஸ் கோடு எடிட்டரில் வரி எண்ணுக்கு இடப்பக்கம் வலது கிளிக் செய்தால் வரும் மெனுவின் படத்தையும் சேர்த்துப் போட்டால், அதை வெட்டி எங்கள் லேப் சுவரில் ஒட்டிவிடுவேன்.

அன்புடன்,
கணினிப் பயிற்சி ஆசிரியர் ஒருவர்,
மதுரை.