காட்சிக்கூடத்தின் காவலாளிக்கு யார் பயிற்சி தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் 2025 அக்டோபர் 19 ஞாயிற்றுக்கிழமை காலை, பார்வையாளர்கள் உள்ளே இருக்கும்போதே, வீட்டுச் சாமான்களை மாடிக்கு ஏற்றும் ஏணிவண்டியைச் சுவரோரம் நிறுத்திச் சன்னல் வழியாகப் புகுந்தவர்கள், எட்டு நிமிடங்களுக்குள் பிரெஞ்சு அரச குடும்பத்து நகைகள் எட்டைக் கொண்டுபோனார்கள். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே வெளிக்கேமரா வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று அருங்காட்சியக இயக்குநரே அந்நாட்டு நாடாளுமன்ற மேலவையில் ஒப்புக்கொண்டார். இச்செய்தியைப் பற்றி எங்கள் ஊரில் பேச்சு எழும்போதெல்லாம் கேமராக்களைக் கூட்ட வேண்டும் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நான் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன்; நீலகிரி மாவட்டத்தின் காட்சிக்கூடங்களுக்கும் பூங்காக்களுக்கும் மாணவர்களைப் பல ஆண்டுகள் அழைத்துச் சென்றவன். கேமராவுக்கு முன்னால் கவனிக்கப்பட வேண்டியவர் வாசலில் நிற்கும் காவலாளி என்பதும், அவரை நாம் மிகுந்த அலட்சியத்தோடு வேலைக்கு வைத்திருக்கிறோம் என்பதும் என் உறுதியான கருத்து.

நீலகிரியில் வைரமும் மரகதமும் இல்லை. உதகை மைசூர் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்திலும், முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்தின் காட்சிக்கூடத்திலும் இருப்பவை பெரும்பாலும் இம்மலை மக்களின் வாழ்க்கைப் பொருள்கள். அவற்றுக்குச் சந்தையில் பெரிய விலை இல்லாமல் இருக்கலாம். ஆனால் அத்தகைய ஒரு பொருளைச் செய்யத் தெரிந்த கடைசித் தலைமுறை மறைந்துகொண்டிருக்கும்போது, காணாமல்போன ஒன்றுக்கு ஈடாக இன்னொன்றை வாங்கி வைக்க எந்தத் துறையாலும் முடியாது. அதிலும் நம் மலையின் தொல்பொருள்களில் சிறந்தவை முன்பே வெளியே போய்விட்டன. மாவட்டத்தின் முதல் ஆணையராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் இங்குள்ள பழங்கால ஈமக் கற்குவைகளைத் தோண்டி எடுத்த வெண்கலக் கிண்ணங்களும், விலங்கு உருவங்கள் பொருத்திய மண்பாண்டங்களும், அணிகலன்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அவருடைய ஆய்வு நூல் 1873-இல் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தது. எஞ்சியது கொஞ்சம் என்பதால்தான் அதைக் காப்பதில் எனக்கு இவ்வளவு பதைப்பு.

இனி நான் கண்டவற்றைச் சொல்கிறேன். எந்த இடத்தையும் பெயர் சொல்லிச் சுட்டப்போவதில்லை. சுட்டினால் அங்கே நிற்கும் ஏழைக் காவலாளியின் வேலைதான் போகும், அவரை அப்படி நிறுத்தியவர்களுக்கு எதுவும் நேராது. மாவட்டத்தின் ஒரு காட்சிக்கூடத்தில் வாசலில் இருந்த மெட்டல் டிடெக்டர் சட்டகத்துக்கு மின் இணைப்பே இல்லை. காவலாளி பைகளைத் திறக்கச் சொல்லாமல் குச்சியால் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். அவரே டிக்கெட் கிழித்தார், அவரே அலுவலகத்துக்குத் தேநீர் வாங்கப் போனார், அவர் போன நேரத்தில் வாசலில் எவரும் இல்லை. தீயணைப்பான் எங்கே என்று கேட்டபோது சுவரில் தொங்கிய சிவப்பு உருளையைக் காட்டினார். அதை ஒருமுறையாவது கழற்றிப் பார்த்ததுண்டா என்றதற்கு, அதைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றார். அதில் கட்டியிருந்த அட்டையின்படி மறுபடி நிரப்ப வேண்டிய தேதி கடந்திருந்தது. அவசர வழியின் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கப்பட்டிருந்தன. அந்தக் கதவின் சாவி வேறொருவர் மேசையில் இருப்பதாகவும், அவர் அன்று விடுப்பு என்றும் தெரிந்தது.

அந்தக் காவலாளியின் மீது எனக்குச் சிறிதும் கோபம் வரவில்லை. அதற்கு முன் காய்கறி மண்டியில் மூட்டை தூக்கியவர் அவர். ஒப்பந்த நிறுவனம் ஒரு நாள் காலையில் சீருடையைக் கொடுத்து, அன்று மதியமே வாசலில் நிறுத்திவிட்டது. பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், மாற்று ஆள் வராவிட்டால் அடுத்த பன்னிரண்டு மணி நேரமும் அவரே. அவருக்குச் சொல்லப்பட்ட ஒரே கட்டளை கேட்டைப் பார்த்துக்கொள் என்பதுதான். கண்ணாடிப் பேழையின் மீது சாய்ந்து படம் எடுக்கும் பயணியைத் தடுக்கலாமா, தடுத்தால் அவர் சத்தம் போட்டால் யாரை அழைப்பது, ஒரு பேழையின் பூட்டு தளர்ந்திருப்பதைக் கண்டால் எந்த ஏட்டில் எழுதுவது என்று எதுவும் அவருக்குத் தெரியாது. வேறோர் இடத்தில் என்னை மிகவும் வருத்தியது இன்னொன்று: கம்பளி போர்த்தி வந்த மலைக்கிராமத்து முதியவர் ஒருவரை நிறுத்தி நிறுத்தி விசாரித்த காவலாளி, அவருக்கு முன்னும் பின்னும் பெரிய தோள்பைகளோடு வந்த சுற்றுலாப் பயணிகளை ஒரு சொல்லும் கேட்காமல் விட்டார். உடையைப் பார்த்து ஆளை எடைபோடுவது காவல் ஆகாது. யாருடைய பொருள்கள் உள்ளே இருக்கின்றனவோ அந்த மக்களையே அது அவமதிக்கிறது.

இவையெல்லாம் சட்டம் இல்லாததால் நடப்பவையா என்றால், இல்லை. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் மத்தியச் சட்டம் 2005-இல் வந்தது. அதன் கீழ் வகுக்கப்பட்ட மாதிரி விதிகள், ஒரு காவலாளிக்குக் குறைந்தது 100 மணி நேர வகுப்புப் பயிற்சியும் 60 மணி நேரக் களப் பயிற்சியும், குறைந்தது 20 வேலை நாட்களில் தரப்பட வேண்டும் என்கின்றன. தீயணைப்பு, கூட்டத்தைக் கட்டுப்படுத்துதல், அடையாளச் சான்றுகளைச் சரிபார்த்தல், முதலுதவி, வெடிபொருளை அடையாளம் காணுதல் ஆகியவை அப்பயிற்சியில் அடங்கும். முன்னாள் படைவீரர்களுக்கும் முன்னாள் காவல்துறையினருக்கும் 40 மணி நேர வகுப்பும் 16 மணி நேரக் களப் பயிற்சியும் போதும். நடத்தை விசாரணை முடியாத எவரையும் பணியில் வைக்கக் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. இத்தனையும் இருந்தும், மண்டியிலிருந்து வந்தவர் அன்று மதியமே காவலாளி ஆகிறார். ஒப்பந்தப்புள்ளி கோரும்போது மிகக் குறைந்த தொகை கேட்டவருக்கே வேலையைக் கொடுத்துவிட்டு, பயிற்சிச் சான்றிதழ்களை ஒருவரும் கேட்டு வாங்கிப் பார்க்காததே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். பயிற்சி செலவு பிடிக்கும். குறைந்த தொகைக்கு ஒப்பந்தம் எடுத்தவர் முதலில் வெட்டுவது அதைத்தான்.

பயிற்சி எங்கே உதவும் என்பதற்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்ததைவிடத் தெளிவான சான்று இல்லை. 1990 மார்ச் 18 நள்ளிரவுக்குப் பின், இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தின் பக்கவாட்டுக் கதவில் போலீஸ் உடையில் இருவர் வந்து மணியடித்தார்கள். ஏதோ தகராறு என்று புகார் வந்திருப்பதாகச் சொன்னதும் இரவுக் காவலாளி கதவைத் திறந்துவிட்டார். கட்டடம் முழுவதற்கும் காவல்துறையை அழைக்கக்கூடிய ஒரே பொத்தான் அவருடைய மேசையில் இருந்தது. பேச்சுக் கொடுத்து அவரை அந்த மேசையிலிருந்து நகர்த்தினார்கள். பிறகு இரண்டு காவலாளிகளையும் கட்டிப்போட்டு, 81 நிமிடங்கள் சாவகாசமாக உள்ளே இருந்து, வெர்மீர், ரெம்பிராண்ட் ஓவியங்கள் உட்பட 13 கலைப்பொருள்களை எடுத்துச் சென்றார்கள். 1 கோடி டாலர் வெகுமதி அறிவித்தும் அவற்றில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. சீருடையில் வந்தவராயினும் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்யாமல் இரவில் கதவைத் திறக்காதே என்ற ஒரே பாடத்தை, மறக்க முடியாதபடி அந்த இளைஞருக்குப் பழக்கியிருந்தால் போதும். நம் காட்சிக்கூடங்களின் இரவுக் காவலாளிகளில் எத்தனை பேருக்கு அந்தப் பாடம் சொல்லப்பட்டிருக்கிறது?

நம் நாட்டிலும் படிப்பினைகளுக்குக் குறைவில்லை. ரவீந்திரநாத் தாகூரின் நோபல் பதக்கம் 2004 மார்ச்சில் சாந்திநிகேதன் அருங்காட்சியகத்திலிருந்து களவுபோனது. அது இன்றுவரை மீட்கப்படவில்லை. ஹைதராபாத் நிஜாம் அருங்காட்சியகத்தில் 2018 செப்டம்பரில் வைரம் பதித்த தங்கச் சாப்பாட்டு அடுக்கை, காற்றுப்போக்கிச் சன்னல் வழியாகக் கயிற்றில் இறங்கி எடுத்தார்கள். சில நாட்களில் அது மீட்கப்பட்டது நம் நல்லூழ்.

காவலாளி எதைக் காக்கிறார் என்பது அவருக்கும் தெரிய வேண்டும், நிர்வாகத்துக்கும் தெரிய வேண்டும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 2000 பொருள்கள் காணாமல் போனதும் சேதமடைந்ததும் 2023-இல் வெளிவந்தபோது, அவற்றுள் பல முறையாகப் பதிவேட்டில் ஏறாதவை என்பதும் தெரியவந்தது. 2021-லேயே வெளியாள் ஒருவர் எச்சரித்திருந்தும், எது போயிற்று என்று உடனே காட்ட அவர்களிடம் முழுமையான பதிவு இல்லை. இதற்கு நேர் எதிராக, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல்லாண்டுகளுக்கு முன் கோயில்தோறும் சென்று எடுத்து வைத்த புகைப்படங்கள்தாம், ஸ்ரீபுரந்தான் நடராசர் போன்ற களவுபோன திருமேனிகள் நம்முடையவை என்று நிறுவ உதவின. அந்த நடராசரை 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் நேரில் கொண்டுவந்து ஒப்படைத்தார். நம் மாவட்டக் காட்சிக்கூடங்களின் ஒவ்வொரு பொருளுக்கும் புகைப்படம், அளவு, எடை, தழும்பு வரையான பதிவு இருந்து, மாலையில் பூட்டும் முன் காவலாளியும் பொறுப்பாளரும் பேழை பேழையாகச் சரிபார்த்துக் கையெழுத்திட்டால், அன்றைய இழப்பு அன்றே தெரிந்துவிடும்.

இம்மலைக்கே உரிய இடர் ஒன்று குளிர். டிசம்பர், சனவரி இரவுகளில் உறைபனி விழும் உதகையில் காவலாளி விடியும்வரை வெளியே நிற்க மாட்டார். நிற்கச் சொல்வதும் கொடுமை. எனவே தகரக் கூண்டுக்குள் கரியடுப்பு மூட்டிக் கதவைச் சாத்திக்கொள்கிறார். கரிப்புகையால் மூடிய அறைக்குள் உயிர் போகும் என்பது இங்கு அனைவரும் அறிந்தது. மரத்தளமும் மரக்கூரையும் கொண்ட பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் நெருப்பு எரிவது இன்னொரு ஆபத்து. முறையான அறை, கம்பளி உடை, பாதுகாப்பான கணப்பு, இரவில் இரண்டு பேர் என்பவை சலுகைகள் ஆகா. 2017 ஏப்ரலில் கோடநாடு எஸ்டேட்டில் இரவுக் காவலில் இருந்தவர் கொல்லப்பட்டதை மறந்துவிட்டு, ஒற்றை ஆளை ஒரு குச்சியும் ஒரு விசிலும் கொடுத்து நிறுத்துவது அவர் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

கோடைக்காலக் கூட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் உண்டு. மலைக்கு ஏறும் வண்டிகள் எண்ணப்படுகின்றன. ஆனால் மழை பெய்ததும் பூங்காவிலிருந்து மொத்தக் கூட்டமும் ஒரு கண்ணாடி மாளிகைக்குள்ளோ காட்சிக்கூடத்துக்குள்ளோ ஓடி ஒதுங்கும்போது, உள்ளே எத்தனை பேர் என்று எண்ணவும், போதும் என்று நிறுத்தவும், மறுபக்கக் கதவைத் திறந்துவிடவும் அதிகாரம் பெற்ற காவலாளி எவரையும் நான் கண்டதில்லை. 2025-இல் பெங்களூரிலும் கரூரிலும் நெரிசலில் உயிர்கள் போன பிறகும் இதை யாரும் கேட்காதது வியப்பளிக்கிறது.

கோத்தகிரிக்கு அப்பால் கரிக்கியூர் பாறை ஓவியங்களைப் பற்றி எழுதக் கை வரவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நின்ற கோடுகளின்மீது வந்துபோனவர்கள் தங்கள் பெயர்களைக் கிறுக்கியிருக்கிறார்கள். அந்த வழியை நன்கறிந்த இருளர் இளைஞர்களுக்கே நிரந்தர ஊதியத்துடன் அந்தக் காவலைக் கொடுத்தால், அவர்களைவிட அக்கறையோடு பார்த்துக்கொள்பவர் கிடைக்க மாட்டார்.

ஆள் இல்லை என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கும் மாவட்டம் இது. முன்னாள் படைவீரர்கள் வாழும் சிற்றூர்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு வேலை அளிக்கவே தமிழக அரசின் டெக்ஸ்கோ நிறுவனம் 1986-இல் தொடங்கப்பட்டது. அவர்களை எடுத்தாலும் பழம்பொருள் காவலுக்கெனத் தனிப்பயிற்சி வேண்டும். எல்லையில் நின்றவருக்கும் ஓலைச்சுவடியை ஈரத்திலிருந்து காப்பது எப்படி என்று ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் பழம்பொருள் பராமரிப்பு வல்லுநர்களும் மாவட்டத் தீயணைப்புத் துறையினரும் ஆண்டுக்கு ஒரு முறை மலைக்கு வந்து, பகலில் ஒரு முறையும் விளக்கணைத்து இரவில் ஒரு முறையும் ஒத்திகை நடத்தினாலே பெரிய மாற்றம் வரும்.

மாவட்ட ஆட்சியர் அவர்கள், வரும் மே மாத மலர்க்காட்சிக்கு முன்பாக, அரசுக் காட்சிக்கூடங்களிலும் பூங்காக்களிலும் பணியாற்றும் ஒப்பந்தக் காவலாளிகள் ஒவ்வொருவரின் பயிற்சிச் சான்றிதழையும் நடத்தை விசாரணை அறிக்கையையும் ஒப்பந்த நிறுவனங்களிடம் கேட்டுப் பெற வேண்டும். சான்றிதழ் இல்லாதவர்களை வேலையை விட்டு நீக்காமல், நிறுவனத்தின் செலவில், ஊதியத்தோடு பயிற்சிக்கு அனுப்ப உத்தரவிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.