சென்னை நகலை அழிக்கச் சொன்ன உங்கள் சப்போர்ட் பற்றிய புகார்

அனுப்புநர்:
தகவல் தொழில்நுட்பப் பிரிவு, நகைக்கடன் நிதி நிறுவனம், கும்பகோணம்.

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவை (ஸ்டோரேஜ்).

பொருள்: கும்பகோணம் – சென்னை ரெப்ளிகேஷன் (டேட்டாவைச் சென்னைக்கு நகலெடுத்தல்) கோளாறு, தவறான வழிகாட்டல்.

ஐயா,

வணக்கம். நான்கு முறை டிக்கெட் திறந்தோம். நான்கு முறையும் எங்களைக் கேட்காமலே மூடினீர்கள். இனிமேல் போனில் பேசிப் பயனில்லை என்பதால் எழுத்தில் தருகிறேன்.

அக்டோபர் 29 காலை ஒன்பதரைக்கு வடிகால் தோண்டிய ஜேசிபியில் ஃபைபர் அறுந்தது. மாலை ஆறரை வரை, 9 மணி நேரம் லிங்க் இல்லை. அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. டெல்டாவில் ஐப்பசி மழையில் லிங்க் போகும், கரண்ட் போகும். 2018 கஜா புயலைப் பார்த்த பிறகுதான் சென்னையில் இரண்டாவது அர்ரே (டேட்டா சேமிக்கும் டிஸ்க் தொகுப்பு) வாங்கினோம். கொள்முதல் ஆணையிலேயே 12 மணி நேரத் துண்டிப்பைத் தாங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எங்கள் டேட்டா மாற்றம் பகலில் மணிக்கு 25 ஜிபி. லிங்க் இல்லாதபோது மாற்றங்களைத் தேக்கிவைக்க உங்கள் ஆள் வைத்துவிட்டுப் போன ஜர்னல் 200 ஜிபி. எட்டு மணி நேரத்தில் நிரம்பும் என்று கணக்குப் போடக்கூட உங்களிடம் ஆள் இல்லையா? ஐந்தரைக்கு நிரம்பியது, பேர் (pair, இரண்டு அர்ரேக்களுக்கும் இடையிலான நகல் இணைப்பு) சஸ்பெண்ட் ஆனது.

அதுவரைகூடப் பொறுத்துக்கொள்ளலாம். எந்தெந்த பிளாக்குகள் மாறின என்ற குறிப்பு பிட்மேப்பில் இருந்தது. டெல்டா ரீசிங்க் (மாறியதை மட்டும் அனுப்புதல்) கொடுத்திருந்தால் 225 ஜிபி, 200 எம்பிபிஎஸ் லிங்கில் இரண்டரை மணி நேர வேலை. ஆனால் உங்கள் சப்போர்ட்டில் பேசியவர், "பேரை டெலீட் பண்ணிட்டு புதுசா போடுங்க சார், அதான் சீக்கிரம்" என்றார். பேரை அழித்தால் பிட்மேப்பும் போய்விடும், 12 டிபியும் முதலிலிருந்து போக வேண்டும் என்று நாங்கள் கேட்டதற்கு வந்த பதில்: "ப்ராடக்ட் எங்களுது. சொன்னதைச் செய்யுங்க. உங்க ஊர் நெட்டை முதல்ல சரி பண்ணுங்க."

எங்கள் ஊர் நெட்டுக்கு என்ன குறை? லிங்க் திரும்பிய பிறகு பாக்கெட் இழப்பு இல்லை, லேட்டன்சி 9 மில்லிசெகண்ட். ஒவ்வொரு பதிவுக்கும் சென்னையின் பதிலுக்குக் காத்திருக்கும் சின்க்ரனஸ் என்றால் கேட்கலாம், இது காத்திருக்காத அசின்க்ரனஸ்!

முழு லிங்கையும் கொடுத்தாலே 12 டிபிக்கு 133 மணி நேரம். பகலில் கிளைகளுக்கும் விட வேண்டியிருந்ததால் எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் சென்னையில் இருந்தது பாதி பழையது, பாதி புதியது. எந்த டேட்டாபேஸும் அதில் எழும்பாது. ரீசிங்க்குக்கு முன்னால் அங்கே ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேர நிலையின் நகல்) எடுக்கச் சொல்லியிருந்தால், துண்டிப்புக்கு முன்பிருந்த நல்ல நகலாவது மிஞ்சியிருக்கும். சம்பா செலவுக்கு விவசாயிகள் நகை வைக்கும் நேரம் இது. இங்கே அர்ரே போயிருந்தால் யாருடைய நகை எந்தக் கணக்கில் என்றே தெரியாமல், நிறுவனத்தை இழுத்து மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

திருச்சிப் பயணத்தைச் சொல்லாமல் விட முடியாது. அர்ரேயின் லாக் பண்டில் (கோளாறை ஆராய உதவும் பதிவுகள்) 6 ஜிபி, உங்கள் தளம் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. பென்டிரைவில் திருச்சி அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றீர்கள். மழையில் தொண்ணூறு கிலோமீட்டர் வந்தால், வாங்க ஆள் இல்லை. வாசல் செக்யூரிட்டி வாங்கி மேசை டிராயரில் போட்டார். இன்றுவரை அதை யாரும் திறக்கவில்லை.

நவம்பர் 7 அன்று ஃபெயிலோவர் (சென்னை நகலில் இருந்து இயங்கிப் பார்க்கும்) சோதனையில் டேட்டாபேஸ் திறக்கவில்லை. டேட்டா வால்யூம் ஒரு கன்சிஸ்டன்சி குரூப்பில் (ஒரே நேர நிலையில் நகலாகும் தொகுப்பில்), டேட்டாபேஸ் மாற்றங்களைப் பதியும் லாக் வால்யூம் வேறொன்றில். டேட்டாவைவிட லாக் பின்தங்கியிருந்தால் எதை வைத்து ரெக்கவரி செய்வது? நிறுவியதும் உங்கள் ஆள்தான். டாஷ்போர்டோ எல்லாம் பச்சை என்று காட்டிக்கொண்டிருந்தது.

தயவுசெய்து அனுபவமுள்ள ஒருவரை நேரில் அனுப்புங்கள். ஜர்னலை 500 ஜிபி ஆக்கி, இரண்டு வால்யூமையும் ஒரே குரூப்பில் போட்டு, லேக் (சென்னை நகல் பின்தங்கும் நேரம்) 30 நிமிடம் தாண்டினால் அலாரம் வரும்படி வைத்து, சென்னையில் டேட்டாபேஸைத் திறந்து எழுதிக் காட்ட வேண்டும். வெறும் பச்சை விளக்கை ஏற்க மாட்டோம். போனில் அப்படிப் பேசியவரின் விளக்கமும் எழுத்தில் வேண்டும்.

ஏழு வேலை நாள் பொறுப்போம். அதற்குள் நடக்காவிட்டால் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) தொகையை நிறுத்திவைத்து, வக்கீல் நோட்டீஸ் உங்கள் நிர்வாக இயக்குநர் பெயருக்கே வரும். அந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பென்டிரைவையும் திருப்பி அனுப்பவும்.

இப்படிக்கு,
ஸ்டோரேஜ் பொறுப்பாளர்