நடுவில் எழுதிய பிள்ளை எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகள் கையெழுத்து எழுதிய சித்திரத் தாள்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஓரத்துப் படங்களின் அழகையும் அவை புகட்டிய நீதியையும் கட்டுரையாளர் நன்றாகவே விவரித்திருக்கிறார். தாளின் நடுவே எழுதிய பிள்ளையைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. இது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது.

காரிங்டன் பவுல்ஸ், ராபர்ட் சேயர் போன்ற லண்டன் படக்கடைக்காரர்கள் விற்ற தாள்கள் இவை. ஊதாரி மைந்தன் வீடு திரும்புவது, யோசேப்பை அண்ணன்மார் விற்பது என்று வேதாகமக் காட்சிகளைச் செப்புத்தகட்டில் செதுக்கி, ஓரங்களைச் சுற்றி அச்சடித்திருப்பார்கள். சிலவற்றில் கையால் வண்ணமும் தீட்டியிருக்கும். நடுப்பகுதி காலியாக இருக்கும். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது மாணவன் அதில் ஒரு வசனத்தையோ பாட்டையோ எழுதி, கீழே பெயரும் தேதியும் இட்டுப் பெற்றோரிடம் கொடுப்பான். தர்மப் பள்ளிப் பிள்ளைகள் ஊராரிடம் காட்டிக் காசு பெறுவதும் உண்டு. (அத்தகைய பள்ளிகளை வளர்த்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம்தான் 1712-இல் தரங்கம்பாடிக்கு அச்சு எந்திரம் வந்துசேர உதவியது என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தி.)

அந்த நடுப்பகுதியை எழுதி முடிப்பது லேசான காரியமல்ல. இறகுப் பேனாவை மேலே இழுக்கும்போது கோடு மெலிய வேண்டும். கீழே இறக்கும்போது அழுத்திப் பருக்க வேண்டும். அழுத்தம் சற்றுக் கூடினால் முனை விரிந்து மை சிந்திவிடும். சிந்திய மையைக் கத்தியால் சுரண்டினால் தாளில் தழும்பு விழும். அப்புறம் காசு கொடுத்து வாங்கிய தாளே வீண். பென்சிலால் மெல்லிய கோடு கிழித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக அந்தப் பிள்ளை எவ்வளவு பதற்றத்தோடு நகர்ந்திருக்கும்!

அந்தக் கையெழுத்து பிழைப்புக்கும் வழி. வணிகர்களின் கணக்கறைகளுக்குத் தெளிவாகவும் வேகமாகவும் எழுதும் குமாஸ்தாக்கள் தேவைப்பட்டார்கள். ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘யுனிவர்சல் பென்மன்’ என்ற கையெழுத்து மாதிரி நூலிலேயே வணிகத்துக்குரிய எழுத்துகளுக்குத் தனி இடம் உண்டு. மகன் நல்லவனாக வளர வேண்டும் என்று விரும்பிய தகப்பன், அவன் கையெழுத்து அவனுக்குச் சோறு போடுமா என்றும் பார்த்திருப்பான் என்றே நான் கருதுகிறேன்.

படம் செதுக்கியவர் ஒருவர், விற்றவர் ஒருவர். வசனம் வேதத்திலிருந்தோ வாத்தியாரிடமிருந்தோ வந்தது. பிள்ளையுடையது அந்தக் கையெழுத்து ஒன்றுதான். கட்டுரையோடு நீங்கள் வெளியிட்ட படத்தில் அது எறும்பு ஊர்ந்ததுபோல் சிறுத்துக் கிடக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தின் ஜான் ஜான்சன் தொகுப்பில் இத்தகைய தாள்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றையாவது உரிய அனுமதி பெற்று, நடுப்பகுதி படிக்கும் அளவில் தெரியுமாறு அடுத்த இதழில் வெளியிடுங்கள். படத்தின் கீழே கடைக்காரர் பெயருக்கு முன்னால் எழுதிய பிள்ளையின் பெயரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
கும்பகோணம்.